இருபதாவது ஆள்

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்கக்கா. பரவால்ல, பரவால்ல, நான் இந்தப் பக்கம் இருந்துக்கிறேன். மூணு வருஷமா ஜன்னல் ஓரம்தான், அலுத்துப்போச்சு. அங்க பஸ்ல நாம ஒரு சீட்டுல உக்காந்துட்டோம்னா பக்கத்துச் சீட்டுக்கு ஈ காக்கா வராது. கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே வருவாங்களே தவிர, வந்து உக்கார மாட்டாங்க. நான் கோவில்பட்டி. நீங்க? திருநெல்வேலியா, நல்லதாப் போச்சு. பேசிக்கிட்டே போகலாம்.

பெட்டியப் பாத்துட்டுக் கேக்குறீங்க, தெரியுது. ஆமாக்கா, இங்கிலாந்துதான். லண்டன் இல்ல, லண்டனுக்கு வடக்க ரயில்ல ரெண்டரை மணி நேரம். என்ன வேலைன்னா, எங்கம்மா தெருவுல சொல்லி வச்சிருக்கிறது ஒண்ணு, நெசம் ஒண்ணு. எங்கம்மா சொல்றது, 'எம்மக செண்பகவல்லி வெளிநாட்டு டாக்டருங்களுக்கே பாடம் எடுக்குறா.' நெசம் என்னன்னா, யுனிவர்சிட்டியில பொது சுகாதாரத் துறையில ஆராய்ச்சி உதவியாளர். வீடு வீடாப் போயி கேள்வி கேட்டு எழுதிட்டு வரணும். நம்ம ஊர்ல கணக்கெடுக்க வர்றாங்கள்ல, அதேதான். என்ன, கழுத்துல போட்டோ போட்ட கார்டு தொங்கும், கையில டேப்லெட் இருக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைக்கா. கூட வேலை பாத்த அந்த மெரெடித் மட்டும் இல்லாம இருந்திருந்தா நான் இன்னும் அங்கதான் இருந்திருப்பேன். சொல்றேன், கேட்டுட்டு நியாயத்த நீங்களே சொல்லுங்க.

அந்த ஊர்ல நம்ம ஆளுங்க நெறைய. பாதிக்கு மேல இலங்கைத் தமிழர், மிச்சம் நம்ம பக்கம். அறுபது வயசு தாண்டுனவங்கள்ல வீட்டுக்கு ஒரு சுகர். எங்க புரொபசர் கெவின் ஒரு திட்டம் போட்டாரு. அங்க எல்லாரையும் பேரு சொல்லித்தான் கூப்பிடணும், எனக்கு வாய் வராது. 'கெவின் சார்'ம்பேன். அவருக்கு அது ரொம்பப் புடிக்கும். திட்டம் என்னன்னா, சுகர் உள்ளவங்கள ரெண்டு குரூப்பாப் பிரிக்கிறது. ஒரு குரூப்புக்குத் தபால்ல ஒரு நோட்டீஸ் போகும், அரிசியக் குறைங்க, நடங்கன்னு. அம்புட்டுதான். அது மெரெடித் பொறுப்பு. இன்னொரு குரூப்புக்கு நான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நேர்ல போயி, உக்காந்து, நம்ம பாஷையில பக்குவமா எடுத்துச் சொல்லணும். வருஷம் முடிஞ்சதும் ரெண்டு குரூப்புக்கும் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. நோட்டீஸ விட நேர்ல போயிப் பேசுனா சுகர் இறங்குதுன்னு காட்டிட்டோம்னா, இன்னும் ரெண்டு வருஷம் திட்டம் ஓடும். திட்டம் ஓடுனா எனக்கு வேலை ஓடும், வேலை ஓடுனா விசா ஓடும்.

இதுல ஒரு கண்டிஷன். கடைசி ரத்தப் பரிசோதனையில எங் குரூப்புல இருபது பேராவது இருக்கணும். பத்தொம்பதுன்னா கணக்குல சேராது, கடையச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். நான் இருபத்தி நாலு பேர்ல ஆரம்பிச்சேன். ரெண்டு பேரு கனடாவுக்கு மக வீட்டுக்குப் போயிட்டாங்க, ஒருத்தரு லண்டனுக்கு. ஒரு அம்மா கோயில்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. சரியா இருபது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அந்த இருபது பேரையும் நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தேன்க்கா. யாராவது இருமுனா எனக்குத் தூக்கம் வராது.

ஆனா ஒண்ணு சொல்லணும். எல்லார் வீட்டுலயும் கதவு தொறந்தது எனக்கு மட்டும்தான். எனக்கு முந்தி ஒரு பையன் இருந்தானாம், அவனக் கதவுக்கு வெளியவே நிப்பாட்டி வச்சுப் பேசி அனுப்பிருவாங்களாம். நான் என்ன பண்ணேன்னா, முத நாளே போன் போட்டுருவேன். 'அம்மா, நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றேன்.' ஒரு மரியாதை இருக்குல்ல? திடுதிப்புன்னு போயி நின்னா பெரியவங்க என்ன நெனப்பாங்க?

முத நாளே சொல்லிட்டமா, போனா வாசல்லயே வாசம் தூக்கும். ஆத்தாடி! திங்கக்கிழமை செல்லப்பா தாத்தா வீடு. பாட்டி ரவா கேசரி, மேல முந்திரிப்பருப்ப அள்ளிக் கொட்டியிருக்கும். செவ்வாக்கிழமை ரெண்டு வீடு, ஒண்ணுல பால் பணியாரம், ஒண்ணுல பருப்பு வடை. வியாழக்கிழமை பூரணம் டீச்சர். அவங்க யாழ்ப்பாணம், கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, எழுபத்தி நாலு வயசு. வீட்டுக்காரரு தவறிட்டாரு, மகன் ஆஸ்திரேலியா. ஒத்தையில இருக்காங்க. அவங்க செய்ற பயத்தம் உருண்டை இருக்கே, அத எப்படிச் சொல்ல. வாயில போட்டா இருக்காது. வெள்ளிக்கிழமை வரும்போதே எனக்கு அடுத்த வியாழக்கிழமைக்கு எந்த வீடுன்னு மனசு போயிரும்.

சாப்பிட்டுக்கிட்டே சுகர் பத்திப் பேசுவேன். ஒரு கையில வடை இருக்கும், ஒரு கையால எழுதிக்கிட்டிருப்பேன். 'இனிப்பத் தொடக் கூடாது டீச்சர்.' 'ஓம், பிள்ளை, தொடவே மாட்டன். நீங்கள் இன்னொண்டு எடுங்கோ.' நான் மட்டும் சாப்பிட்டா எனக்குக் கூச்சமா இருக்கும்னு அவங்களும் தொணைக்கு ரெண்டு எடுப்பாங்க. ஒரு மணி நேரம்னு சொல்லிட்டுப் போவேன், ரெண்டரை மணி நேரம் ஆயிரும்.

நீங்க சிரிக்காதீங்க. எனக்கு என்ன ஆசையா? நான் தங்கியிருந்தது ஒரு ரூம்பு. ஆறு பேருக்கு ஒரே அடுப்பங்கரை. தாளிச்சா ஒரு பொண்ணு மூக்கப் புடிச்சுக்கிட்டு ஓடும். ரொட்டியும் தயிரும்தான் நமக்கு, அதுவே போதும். போற வீடுகள்ல சாப்பிட்டேன்னா அது வேலைக்காகத்தான். கை நனைக்கலைன்னா அவங்க மனசு விட்டுப் பேசுவாங்களா? ஒரு தடவ புது மிஷினச் சோதிக்க மெரெடித் என் வெரலக் குத்திப் பாத்தா, எனக்கே சுகர் கொஞ்சம் கூட இருக்குன்னு காட்டுச்சு. மிஷின் கோளாறுன்னு சொல்லி மாத்தச் சொல்லிட்டேன்.

ஆறு மாசம் முடிஞ்சு நடுவுல ஒரு பரிசோதனை. ரிசல்ட் வந்த அன்னைக்கு மீட்டிங். நான் நல்ல பட்டுச் சுடிதார் போட்டுட்டுப் போயிருந்தேன், பாராட்டுவாங்கன்னு. கெவின் சார் திரையில கோடு போட்டுக் காட்டுறாரு. நோட்டீஸ் குரூப்புக்குச் சுகர் லேசா எறங்கிருக்கு. எங் குரூப்புக்கு ஏறியிருக்கு! லேசா இல்லக்கா, நல்லாவே ஏறியிருக்கு. எனக்கு மூஞ்சியெல்லாம் காந்துது. கோட்டத் தலைகீழா வரஞ்சுட்டாங்களான்னு கேட்டேன். இல்லையாம்.

அப்பத்தான் இந்த மெரெடித் தொண்டையக் கனைக்கிறா. வேல்ஸ்காரி, ஒல்லியா இருப்பா, மத்தியானம் ஒரே ஒரு ஆப்பிள் தின்னுட்டு விதையக் கூட எண்ணி வைக்கிற ஜாதி. 'நான் ஷென்னோட குறிப்புகள எல்லாம் படிச்சேன்'ங்கிறா. ஷென்னா நான்தான், செண்பகவல்லி அவங்க வாயில நுழையல. நான் ஒளிவு மறைவு இல்லாத ஆளு, போன எடத்துல நடந்தத எல்லாம் எழுதிருவேன். அத அவ ஒண்ணு ஒண்ணா வாசிக்கிறா. 'ஏழாவது வருகை. பயத்தம் உருண்டை, நான் மூன்று, டீச்சர் இரண்டு. எட்டாவது வருகை. பாயசம். மிச்சத்தை மறுநாள் சாப்பிடுவதாகச் சொன்னார்.' இருபது வீட்டுக்கும் பட்டியல் போட்டு வச்சிருக்கா! முந்தின நாளே சுட ஆரம்பிக்கிறாங்க, அன்னைக்கு என்னோட சாப்பிடுறாங்க, மிச்சத்த ரெண்டு நாள் வச்சுத் தின்னு தீக்குறாங்கன்னு கணக்குக் காட்டுறா. நான் போற வாரம் பூரா அந்த வீட்டுல தீபாவளியாம். கெவின் சார் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. அப்புறம் சிரிப்ப நிப்பாட்டிட்டாரு, அதுதான் பயமா இருந்துச்சு.

அதாவது நான் போறதாலதான் சுகர் ஏறுதாம். அநியாயமா இல்ல? பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஒரு இனிப்புத் தின்னா சுகர் ஏறிருமா? என்னது, ஏறுமா? நீங்களும் அவ கட்சிதானா!

சரி. அன்னையிலருந்து புதுச் சட்டம். முன்கூட்டி போன் பண்ணக் கூடாது. எந்த வீட்டுலயும் எதுவும் சாப்பிடக் கூடாது, காப்பி கூடக் கூடாது. தண்ணிக்குக் கூட நானே பாட்டில் கொண்டு போகணும். மிச்சம் ஆறு மாசத்துல கோடு எறங்குனாத்தான் திட்டம் பொழைக்கும். மெரெடித் எனக்கு ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்தாக்கா, பச்சைக் கலர்ல. அவ நல்லதுக்குத்தான் குடுத்தா, ஆனா எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

முத நாள் செல்லப்பா தாத்தா வீடு. திடுதிப்புன்னு போயி நிக்கிறேன். பாட்டி பதறி உள்ள ஓடி, எங்கயோ இருந்த நாலு பிஸ்கட்டையும் காப்பியையும் கொண்டாந்து வைக்குது. 'இல்ல பாட்டி, வேண்டாம்'னு பாட்டில எடுத்து என் தண்ணியக் குடிச்சேன். தாத்தா அந்தப் பாட்டிலப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. அப்புறம் பிஸ்கட் தட்டையும் காப்பியையும் அவரே மெதுவா உள்ள எடுத்துட்டுப் போயிட்டாரு. 'சரிம்மா. எங்க வீட்டுல வேண்டாம்னா வேண்டாம்.' அம்புட்டுதான் சொன்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சுக்கா. இந்த மனுசன் தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன வயசுல எத்தனை வீட்டு வாசல்ல தனி டம்ளர்ல குடிச்சாரோ. கடல் தாண்டி வந்து, நம்ம ஊர்க்காரப் பொண்ணு அவரு வீட்டுக்குள்ள சொந்தப் பாட்டில்ல தண்ணி குடிக்கிறா! நான் எந்திரிச்சு உள்ள போயி, அந்தக் காப்பிய அங்கயே நின்னு குடிச்சேன். நாலு பிஸ்கட்டையும் தின்னேன். அத மட்டும் குறிப்புல எழுதல. பண்ண மூணு வருஷ வேலையில நான் மறைச்சது அது ஒண்ணுதான்.

மத்த வீடுகள்ல எப்படியோ சமாளிச்சேன். ஆராய்ச்சி விதி, மேல இருந்து உத்தரவு, சாப்பிட்டா வேலை போயிரும்னு சொல்லி, அவங்களும் சரி பாவம்னு விட்டுட்டாங்க. கொஞ்ச நாள்ல பழகிருச்சு. ரெண்டரை மணி நேரம் ஆகுற வீட்டுல பதினோரு நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும். கேக்குறத கேப்பேன், அவங்க சொல்லுவாங்க, வந்துருவேன்.

பூரணம் டீச்சர் வீட்டுலயும் அப்படித்தான். பாட்டிலோட முத தடவ போனப்ப மடியில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, என்ன செய்றதுன்னு தெரியாத மாதிரி. நாலாவது தடவையோ அஞ்சாவது தடவையோ, கை கழுவ அடுப்பங்கரைக்குள்ள போனேன். அடுப்பு மேல பழைய பேப்பர விரிச்சு, அதுக்கு மேல மாத்திரை டப்பா, லெட்டர், குடையெல்லாம் வச்சிருக்காங்க. அடுப்பு இருந்த தடமே தெரியல. வந்து ஃபாரத்தத் தொறந்தேன். 'நேத்து என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?' 'ரெண்டு துண்டு பாண், ஒரு பிளேன் டீ.' பாண்னா ரொட்டிக்கா. 'ராத்திரி?' 'அதேதான்.' 'முந்தா நாள்?' 'ஒருத்தருக்காண்டி ஆர் சமைக்கிறது பிள்ளை?' டேப்லெட்ல அதுக்கெல்லாம் மார்க் வரும். இனிப்பு இல்ல, எண்ணெய் இல்ல, அரிசி இல்ல. பச்சைக் கலர்ல 'மிக நன்று'ன்னு வந்துச்சு. நான் அத அமுக்கிட்டு வந்துட்டேன்.

மாசா மாசம் வெரலக் குத்திப் பாத்ததுல கோடு எறங்க ஆரம்பிச்சிருச்சுக்கா. சர்ருன்னு எறங்குது. டீச்சருக்குத்தான் இருபது பேர்லயே பெஸ்ட். கெவின் சார் எனக்குக் கை குடுத்தாரு. மெரெடித் கூட ஒரு ஆப்பிள் குடுத்தா. எங்கம்மாகிட்ட 'இன்னும் ரெண்டு வருஷம்மா'ன்னு சொல்லிட்டேன். அவங்க தெரு பூராச் சொல்லிட்டாங்க.

கடைசி ரத்தம் எடுக்கப் பன்னெண்டு நாள் இருக்கு. ஒரு வியாழக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போறேன். உக்கார்றதுக்குள்ள கேக்குறாங்க, 'பிள்ளை, நீங்கள் முதல் நாள் எனக்கொரு பேப்பர் வாசிச்சுக் காட்டினீங்களெல்லோ? எப்ப வேணுமெண்டாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு?'

'ஆமா டீச்சர்.'

'அப்ப நான் விலகிறன்.'

'ஏன் டீச்சர்?'ன்னுட்டேன். அப்படிக் கேக்கவே கூடாது, ஆனா வாயில வந்துருச்சு.

'காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு நீங்கள்தானே வாசிச்சீங்கள்' அப்படின்னு சிரிக்கிறாங்க. கணக்கு டீச்சராச்சே, எல்லாத்தையும் போட்டுப் பாத்துத்தான் வச்சிருக்காங்க. அப்புறம் அவங்களே சொல்றாங்க, 'ஆராய்ச்சியிலை இருக்கிற ஆக்கள் வீட்டிலைதானே நீங்கள் சாப்பிடக் கூடாது? நான் ஆராய்ச்சியிலை இல்லையெண்டால் நீங்கள் என்ரை வீட்டுக்கு வாற விருந்தாளி. அப்ப சாப்பிடலாந்தானே?'

அக்கா, எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. 'டீச்சர், நீங்க இருபதாவது ஆளு. நீங்க போனா என் வேலை போச்சு, விசா போச்சு. பன்னெண்டே நாளு, ஒரே ஒரு ஊசி, அதுக்கப்புறம் வண்டி வண்டியா வந்து திங்கிறேன்.' இதச் சொன்னா அந்த நிமிஷமே விலகலன்னு சொல்லிருப்பாங்க. எனக்கு நல்லாத் தெரியும். ஆனா சொல்லக் கூடாதுக்கா. விலகுறேன்னு ஒருத்தர் சொன்னா, இரு இருன்னு கெஞ்சக் கூடாது, உன்னால எனக்கு நட்டம்னு சொல்லவே கூடாது. முத நாள் பயிற்சியிலயே கையெழுத்து வாங்கியிருந்தாங்க. கையெழுத்து கெடக்கட்டும். அவங்க மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க. ஆறு மாசமா நான் அந்தச் சிரிப்பப் பாக்கல.

அந்தப் பாழாப்போன அடுப்ப எட்டிப் பாத்தேன். பேப்பரக் காணோம், குடையக் காணோம். ஆவி வந்துட்டிருக்கு.

'சரி டீச்சர்'னேன். விலகுறவங்களுக்குன்னு இருக்குற ஃபாரத்த எடுத்து அவங்க பேர எழுதுனேன். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, காலியா விட்டேன். அழுகையா வந்துச்சு, டீச்சர் உள்ள இருந்ததால தப்பிச்சேன். 'கையைக் கழுவிப்போட்டு வாங்கோ பிள்ளை'ன்னு குரல் வருது. போயி உக்காந்தேன். புட்டு, கத்திரிக்காய்ப் பால் கறி, முட்டைப் பொரியல். டீச்சர் தனக்கு ஒரு வாய் கூட வச்சுக்கல. 'நான் பிறகு சாப்பிடுறன். எனக்குச் சுகர் எல்லோ'ன்னு சொல்லிட்டு, கன்னத்துல கைய வச்சு நான் திங்கிறதையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நானும் வஞ்சகம் இல்லாம மூணு தடவ போட்டுத் தின்னேன். வேலை போற நேரத்துல அப்படி ஒரு பசி எனக்கு எங்கருந்துதான் வந்துச்சோ.

கெவின் சார் ஒண்ணும் திட்டல. 'யாராவது விலகுறேன்னா விட்டுறணும் ஷென், நீ செஞ்சது சரி'ன்னாரு. பத்தொம்பது பேரு. திட்டத்த மூடிட்டாங்க. மெரெடித் அவ ரூம்புக்குள்ள போயி மூக்கச் சிந்துறா, எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ஆனாலும் சொல்றேன், அவ மட்டும் என் குறிப்பெல்லாம் படிக்காம இருந்திருந்தா இந்தக் கஷ்டமே இல்லல்ல?

வேலை போச்சுன்னா அறுபது நாள்ல நாட்ட விட்டுக் கெளம்பணும். அறுபது நாள்ல எட்டு வியாழக்கிழமை இருந்துச்சு. எட்டு வியாழக்கிழமையும் போனேன். கார்டு இல்ல, டேப்லெட் இல்ல, பாட்டில் இல்ல. 'என்ன பிள்ளை, வேலைக்குப் போகேல்லையோ?'ன்னு கேப்பாங்க. 'இன்னைக்கு லீவு டீச்சர்'ம்பேன். எட்டு தடவையும் அதே பொய். கடைசி வியாழக்கிழமை, லீவுலயே ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வர்றேன்னு சேத்துச் சொன்னேன். நம்புனாங்களா இல்லையான்னு தெரியல. சாப்பாட்டுல குறை வைக்கல.

சாத்தூர் தாண்டிருச்சா? அப்ப நான் எறங்கத் தயாராகணும். பெட்டிய ஒரு கை புடிங்கக்கா. எதுக்கு இம்புட்டுப் பேசுறேன்னா, காலையில ஏர்போர்ட்ல எறங்கி போன ஆன் பண்ணா முத போன் அவங்ககிட்டருந்துதான். 'ஊருக்குப் போய்ச் சேந்திட்டீங்களோ? அம்மா சுகமோ? லீவு எப்ப முடியுது? சொல்லுங்கோ, உளுந்து ஊறப் போட வேணும்' அப்படிங்கிறாங்க.

நான் என்னக்கா சொல்ல? 'போடுங்க டீச்சர், வந்துர்றேன்'னு சொல்லிட்டேன்.